மாறாப் பொருளின் வரலாறு

மலையுங் கல்லும் வெயிலாலும் மழையாலும் காற்றாலும் சிதைந்து மண்ணாவதை வானிலையாலழிதல் என்று எமது புவியியற் பாடநூல்கள் கூறுகின்றன. மாணவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். ஆனால் அதே சொல்லைப் பிளாஸ்டிக்குக்கு வழங்கினால் அவர்களுட் பலர் வியப்படைவர். இரும்பு துருப்பிடிக்கும், மரம் உக்கும், பிளாஸ்டிக் மட்டும் என்றும் ஒரே தன்மையுடையதாய் இருக்கும் என்பது எமது காலத்தின் பொது நம்பிக்கை. அதனைப் புகழ்வோரும் இந்த நம்பிக்கையையே பற்றி நிற்கின்றனர். “அழியவே அழியாது” என்று அதனை வைவோரும் இதனையே பற்றி நிற்கின்றனர்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது, கடல்நீர் அதனை எவ்வாறு மறுத்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி. ஒரு பொருளின் மேற்பரப்பில் நிகழும் மாற்றம் இரசாயனவியலாருக்குரிய விடயமே. எனினும், அம்மாற்றத்தை யார் அறிந்திருந்தனர், எங்கே அதனைத் தடுக்க முயன்றனர், எங்கே தடுக்காது விட்டனர், அதன் விளைவை யார் சுமந்தனர் என்னும் வினாக்கள் சமுதாய வரலாற்றுக்குரியவை.

கதை பிளாஸ்டிக் தோன்றுமுன்னரே தொடங்கிவிடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரித்தானிய ஏகாதிபத்தியம் தன் குடியேற்ற நாடுகளை மின்தந்திக் கம்பிகளாற் பிணைக்க முற்பட்டது. கடலடியிற் கிடக்கும் செப்புக் கம்பிக்கு நீர் புகாத உறையொன்று வேண்டியிருந்தது. மலாயாவிலும் அதனையடுத்த தீவுகளிலும் வளர்ந்த ஒருவகை மரத்தின் பாலிலிருந்து பெறப்பட்ட கட்டாப்பேர்ச்சா அத்தேவையை நிறைவுசெய்தது. 1851 இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடிக் கம்பிக்கும், 1866 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த கம்பிக்கும் அதுவே உறையாயிற்று. பாலுக்காக மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டமையாற் காடுகள் பெருமளவு அழிந்தன என்பதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

ஆழ்கடலின் இருளிலுங் குளிரிலும் நெடுங்காலங் கெடாதிருந்த இப்பொருள், வெப்பநாட்டின் காற்றும் ஒளியும் பட்டபோது நொறுங்கியது. கீழைத்தேச மின்தந்திக் கம்பிகளிற் பழுதடைந்த உறையை ஆராய்ந்த ஜெர்மானிய இரசாயனவியலாளர் ஹொவ்மன், அது காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று வேறொரு பொருளாக மாறியிருந்தமையை 1861 இல் எடுத்துரைத்தார். நீண்ட மூலக்கூறுகளாலான பொருள்கள் ஒட்சிசனால் மூப்படைகின்றன என்னும் உண்மை இவ்வாறாகப் பிளாஸ்டிக் யுகத்துக்கு முன்னரே அறியப்பட்டுவிட்டது. மாறாப் பொருள் என்ற நம்பிக்கை அறியாமையாற் பிறந்ததன்று என்பதை இங்கேயே நாம் மனங்கொள்ளுதல் வேண்டும்.

1933 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்தின் வின்னிங்டன் என்னும் ஊரிலிருந்த இம்பீரியல் கெமிக்கல் இன்டஸ்ட்ரீஸ் ஆய்வுகூடத்தில், கிப்சன், ஃபோசெற் என்னும் இருவர் எதிலீன் வாயுவைப் பேரமுக்கத்துக்கு உட்படுத்திப் பார்த்தனர். எதிர்பார்த்த விளைவு கிட்டவில்லை. கலத்தினுள் மெழுகுபோன்ற வெண்ணிறப் பொருள் சிறிதளவு ஒட்டியிருந்தது. அதுவே பொலிஎதிலீன். அக்கம்பனி அதற்கு இட்ட பெயரே பொலித்தீன் என்று எமது கடைத்தெருவரை வந்து நிலைத்துவிட்டது. வணிக முறையில் அதனை உற்பத்திசெய்யும் ஆலை 1939 செப்டெம்பர் 1 இல், ஹிட்லரின் படைகள் போலந்தினுட் புகுந்த அதே நாளில், இயங்கத் தொடங்கியது. கட்டாப்பேர்ச்சாவின் இடத்தைக் கடலடிக் கம்பிகளிற் பிடிப்பதே அதற்கு முதலில் எதிர்பார்க்கப்பட்ட பணி. போர் மூண்டதும் றேடார்க் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாகும் பணி அதனை ஆட்கொண்டது. 1956 இல் அத்திலாந்திக்கைக் கடந்த முதலாவது தொலைபேசிக் கம்பி பொலித்தீன் காப்புடனேயே கடலிற் கிடத்தப்பட்டது.

நீருக்கு அஞ்சாத பொருள் என்ற புகழ் இதற்கு எவ்வாறு வாய்த்தது? காபனும் ஐதரசனும் மட்டுமே கோத்த நீண்ட சங்கிலிகளாலானது இதன் மூலக்கூறு. நீரின் மூலக்கூறு பற்றிக்கொள்வதற்கு அதிலே பிடி எதுவும் இல்லை. புதிய பொலித்தீன் தகட்டின்மீது ஒரு துளி நீரை விட்டால் அது பரவாது, தாமரையிலைமேல் நீர்போல் உருண்டு நிற்கும். துளியின் விளிம்பு தகட்டோடு அமைக்குங் கோணம் 90 பாகைக்கு மேற்படும். இதனையே நீர் வெறுக்கும் மேற்பரப்பு என்பர். 1953 இல் ஜெர்மனியிற் சீக்லர் குறைந்த அமுக்கத்திற் பொலித்தீனை ஆக்கும் வழியையும், 1954 இல் இத்தாலியில் நாற்றா பொலிபுறப்பிலீனை ஆக்கும் வழியையுங் கண்டபின் உற்பத்தி பெருகியது, விலை வீழ்ந்தது. போர்க்காலத்தில் அரிய பொருளாயிருந்தது சமாதான காலத்தில் வாளியாகவும் பையாகவும் உருமாறிற்று. ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் பண்டத்துக்கும் என்றும் அழியாப் பொருளென்ற புகழே விளம்பரமாயிற்று. முதலாளித்துவ உற்பத்திமுறையின் முரண்பாட்டுக்கு இதனினுஞ் சிறந்த உதாரணங் காண்பது அரிது.

எனினும், இருண்ட கடலடியில் நிலைத்துநின்ற பொலித்தீன் உறை நிலத்தின்மேல் வெயிலில் வெடித்தது. அமெரிக்காவிற் கம்பங்களினூடு தொங்கிய தொலைபேசிக் கம்பிகளில் ஈயத்துக்குப் பதிலாகப் பொலித்தீனை உறையாக்க முனைந்தவர்கள் இந்தத் தடையை எதிர்நோக்கினர். பெல் ஆய்வுகூடத்தில் இப்பிரச்சினையை ஆராய்ந்தோருள் வோல்ற்றர் லிங்கன் ஹோக்கின்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1942 இல் அந்த ஆய்வுகூடத்தின் தொழினுட்பப் பணிக்குச் சேர்க்கப்பட்ட முதலாவது கறுப்பின அமெரிக்கர் அவரே. ஒளியைத் தடுக்கும் கரித்தூளும், ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் சேர்வைகளுங் கலந்த உறையை அவரும் லான்சா என்னும் அவருடைய சகாவும் உருவாக்கினர். அத்தகைய உறை பல பத்தாண்டுகள் வெயிலைத் தாங்கிற்று.

இந்நிகழ்ச்சியின் பொருளை நாம் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். ஒளியும் ஒட்சிசனும் பொலித்தீனைச் சிதைக்கும் என்பதை 1950களிற் கைத்தொழில் நன்கறிந்திருந்தது. அந்த அறிவு கம்பனியின் உடைமையைக் காப்பதற்குப் பயன்பட்டது. விற்றுத் தீர்ந்த பண்டம் பின்னர் எங்கே கிடந்து எவ்வாறு மாறும் என்று கேட்க வேண்டிய அவசியம் கணக்கேட்டில் இருக்கவில்லை. ஆயினும், கரித்தூளைக் கழிவுக்கு மருந்தெனக் கருதுவதும் பிழையாகும். காப்புச் சேர்வை கூடினால் எறியப்பட்ட பொருள் நெடுங்காலங் கிடக்கும். குறைந்தால் விரைவில் நொறுங்கித் துகளாகும். ஆகவே, சிக்கல் சேர்வையின் அளவில் இல்லை. எறிவதற்கென்றே பொருளை ஆக்கும் முறைமையில் உள்ளது.

இனி, கடலில் நிகழ்வதைப் பார்ப்போம். சூரிய ஒளியின் ஊதாக்கடந்த கதிர்கள் பிளாஸ்டிக்கிற் கலந்துள்ள மாசுகளாலும், ஆக்கும்போதே ஓரளவு ஒட்சியேறிய பகுதிகளாலும் உறிஞ்சப்படுகின்றன. அங்கே பிணைப்புகள் அறுந்து, சுயாதீன மூலிகங்கள் எனப்படும் தாக்குதிறன் மிக்க துண்டுகள் பிறக்கின்றன. அவை ஒட்சிசனோடு சேர்ந்து அயலிலுள்ள சங்கிலியைத் தாக்க, அது தன் அயலைத் தாக்குகின்றது. இவ்வாறு தொடருந் தாக்கத்தினால் மேற்பரப்பிற் காபனைல், ஐதரொட்சில் முதலாய ஒட்சிசனுள்ள கூட்டங்கள் தோன்றுகின்றன. செந்நிறக்கீழ்க் கதிர்களைச் செலுத்திப் பார்க்கும் ஆய்வாளர், காபனைற் கூட்டத்தின் அளவைக்கொண்டே பிளாஸ்டிக்கின் மூப்பை மதிப்பிடுகின்றனர்.

இதன் விளைவுகள் பல. முன்னர் பிடியற்றிருந்த மேற்பரப்பில் இப்போது நீர் பற்றிக்கொள்ள இடமுண்டு. எனவே நீர்த்துளி உருண்டு நில்லாது பரவத் தொடங்குகின்றது. கடல்நீரில் அம்மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் பெறுகின்றது. ஈயம், செப்பு போன்ற உலோகங்களின் நேரேற்ற அயன்களை அது தன்பால் ஈர்க்கின்றது. சங்கிலிகள் அறுந்து குறுகுவதால் மேற்படை இறுகி, நொய்மையடைந்து, வறண்ட குளத்து மண்போல் வெடிக்கின்றது. வெடிப்புகள் தோன்றுந்தோறும் நீர்படும் பரப்பு அதிகரிக்கின்றது. அலையும் மணலும் உராயும்போது அப்படை துகளாக உதிர, உள்ளிருந்த புதுப்பரப்பு வெளிப்பட்டு அதுவும் அதே விதிக்கு உள்ளாகின்றது. ஆக்கும்போது கலக்கப்பட்ட சேர்வைகளும் இதனிடையே நீரிற் கசிகின்றன.

கடல்நீரிலே மிதக்கும் பிளாஸ்டிக்கைவிடக் கடற்கரை மணலிற் கிடக்கும் பிளாஸ்டிக் விரைவாக மூப்படைகின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. மணல் வெயிலிற் கொதிக்கின்றது. நீரோ பொருளைக் குளிர்விக்கின்றது. நீரில் ஒளி குறைவு, ஒட்சிசனுங் குறைவு. மிதக்கும் பொருளின்மேற் பாசி படர்ந்தால் அதுவே நிழலாகிவிடுகின்றது. இருண்ட ஆழத்திற் சென்று தங்கியது மிக மெதுவாகவே மாறும். வெப்பவலயத்துக் கடற்கரையே இந்த மூப்புக்கு மிக வாய்ப்பான இடம். அந்தக் கரையில் யார் வாழ்கின்றனர், யார் வலை உலர்த்துகின்றனர் என்பதை எமது வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இவற்றைக் கடலிலே நேரிற் கண்டு உரைத்தவர்கள் பிளாஸ்டிக்கைத் தேடிச் சென்றவர்களல்லர். அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த காப்பென்ரரும் ஸ்மித்தும் சார்காசோக் கடலின் மேற்பரப்பில் வலையிழுத்தபோது பிளாஸ்டிக் துண்டுகள் அகப்பட்டன. சராசரியாகச் சதுர கிலோமீற்றருக்கு 3,500 துண்டுகள் என்று 1972 இல் அவர்கள் அறிவித்தனர். அவற்றுட் பல வானிலையால் நொய்மையடைந்திருந்தன. அவற்றின்மேல் நுண்ணிய பாசிகளும் சிற்றுயிர்களும் குடியேறியிருந்தன. அதே ஆண்டில் வெளியான அவர்களது மற்றோர் அறிக்கை, கரையோர நீரிற் கண்ட பொலிஸ்ரைரீன் மணிகளிற் பல்குளோரோ இருபீனைல்கள் என்னும் நச்சுச் சேர்வைகள் பத்து இலட்சத்தில் 5 பங்கு இருந்தமையைக் கூறிற்று. அவை சுற்றியுள்ள கடல்நீரிலிருந்தே உறிஞ்சப்பட்டிருத்தல் வேண்டும் என்று அவர்கள் கருதினர். ஆக, அரை நூற்றாண்டுக்கு முன்னரே எச்சரிக்கை அச்சேறிவிட்டது. உற்பத்தியோ அதன்பின்னும் பன்மடங்கு பெருகிற்று.

2001 இல் யப்பானிய ஆய்வாளர் மற்றோர் உண்மையை நிறுவினர். பிளாஸ்டிக் பண்டங்களுக்கு மூலப்பொருளாகும் சிறு மணிகள், தம்மைச் சூழ்ந்த நீரில் உள்ளதைவிட இலட்சம் முதற் பத்து இலட்சம் மடங்கு செறிவாக அந்நச்சுக்களைத் தம்மிடஞ் சேர்த்துக்கொள்கின்றன என்பதே அது. அவ்வாய்வினருள் ஒருவரான தக்காடா, 2005 முதல் உலகெங்குமுள்ள பொதுமக்கள் தம் கரைகளிற் பொறுக்கி அனுப்பும் மணிகளை ஆராயும் இயக்கமொன்றைத் தோக்கியோவில் நடத்தி வந்தார். மணியின் நிறம் மஞ்சளாவது அது நெடுநாள் வெயிலும் நீரும் பட்டதற்கு அடையாளம். வெண்மணிகளைவிட அத்தகைய மணிகளில் நச்சு மிகுந்திருத்தல் கண்டறியப்பட்டது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் ஹோம்ஸ், ரேணர், தொம்சன் ஆகியோர் நடத்திய ஆய்வுகள், கரையொதுங்கிய பழைய மணிகள் புதியவற்றைவிட அதிகமாக உலோகங்களை ஏற்பதைக் காட்டின.

மாறிய மேற்பரப்பு உயிர்களுக்கும் உறைவிடமாகின்றது. பிளாஸ்டிக்கின்மேல் வாழும் நுண்ணுயிர்ச் சமூகம் சுற்றுக் கடல்நீரிலுள்ள சமூகத்தினின்றும் வேறுபட்டது என 2013 இல் அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். பொலித்தீன் கடல்நீரிலும் அடர்த்தி குறைந்தது. எனினும், பாசியும் சிப்பியினமும் ஏறி அமர்ந்தபின் அது கனத்து அமிழ்கின்றது. கடலில் ஊறிய பிளாஸ்டிக், உணவின் அடையாளமாகக் கடற்பறவைகள் அறிந்த கந்தகச் சேர்வையொன்றின் மணத்தை வெளிவிடுகின்றது என 2016 இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. ஆலையிலிருந்து மணமற்று, நிறமற்று, நீரொட்டாது புறப்பட்ட பொருள், கடலிலே உணவின் வேடம் பூண்டு நிற்கின்றது.

கடலுயிர்களை அடையும் நச்சு யாவற்றுக்கும் பிளாஸ்டிக்கே வாகனம் என்று கூறின் அது மிகையாகும். நீர்மூலமும் இரைமூலமும் அவை நச்சைப் பெறுகின்றன; பல இடங்களில் அந்த வழிகளே பெரியவை. எமது நோக்கம் பயமுறுத்துவதன்று. மாறாப் பொருள் என்று எதுவும் இல்லை என்பதையும், கடலிற் கிடக்கும் மணி ஆலையின் விற்பனைச் சீட்டிற் குறிக்கப்பட்ட அதே மணியன்று என்பதையும் வலியுறுத்துவதே.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று என்பதை இலங்கை தன் கரையிலேயே அனுபவித்தது. 2021 மே மாதத்தில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலன் கப்பல் கொழும்பை நோக்கி வந்தது. அதிலிருந்த கொள்கலனொன்றிலிருந்து நைத்திரிக்கமிலம் கசிந்துகொண்டிருந்தது. கட்டார், இந்தியத் துறைமுகங்களில் அக்கொள்கலனை இறக்க இடங்கிடைக்கவில்லை. மே 20 இல் கொழும்புக் கடலிற் கப்பல் தீப்பற்றிற்று. பல நாள் எரிந்து, ஜூன் மாதத்தில் மூழ்கிற்று. அது ஏற்றிவந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளிற் பெருந்தொகை மேற்குக் கரையில் ஒதுங்கிற்று. உலகிற் பதிவான பிளாஸ்டிக் மணிக் கசிவுகளுள் இதுவே மிகப் பெரியது.

நீர்கொழும்பை அண்டிய கரைகளில் வெண்மணிகள் மணலை மூடிக் கிடந்த காட்சியைப் புகைப்படங்களிற் பலரும் கண்டிருப்பர். அவற்றோடு தீயிற் கருகியும் உருகியும் ஒட்டியும் போன கட்டிகளும் இருந்தன. வெயிலும் நீரும் பல ஆண்டுகளிற் செய்யும் ஒட்சியேற்றத்தைத் தீ சில மணிநேரத்திற் செய்து முடித்திருந்தது. கருகிய துண்டுகள் எளிதில் நொறுங்கின. கல்லென்றும் கரியென்றும் மயங்கத்தக்கனவாய்க் கிடந்தன. எரிதலினாற் பிறந்த நச்சுச் சேர்வைகளையுந் தாங்கியிருந்தன. வெண்மணியை அரித்தெடுக்க அரிதட்டு உதவிற்று. கருந்துகளைப் பிரித்தெடுக்க எந்த அரிதட்டாலும் இயலாது.

இங்கே சட்டம் எதனைக் கண்டது என்பதே முக்கியமான வினா. அக்கப்பல் ஏற்றிவந்த அமிலம் ஆபத்தான சரக்கு என வகுக்கப்பட்டிருந்தது. பிளாஸ்டிக் மணிகளோ சர்வதேசக் கப்பற் சரக்கு விதிகளின்படி ஆபத்தான சரக்கல்ல. ஆலைவாயிலில் நிற்கும் வெண்மணியை மட்டுமே அவ்விதிகள் கண்டன. தீயிலும் வெயிலிலும் நீரிலும் அதன் மேற்பரப்பு அடையும் மாற்றம் அவற்றின் கண்ணுக்குப் புலப்படவில்லை. 2024 இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு மணிகளைப் பொதிவது, ஏற்றுவது பற்றிச் சில பரிந்துரைகளை வெளியிட்டது. அவை விரும்பினாற் பின்பற்றத்தக்க பரிந்துரைகளே. 2025 மே மாதத்திற் கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் மூழ்கியபோது மணிகள் மறுபடியுங் கடலிற் கலந்து தென்னிந்தியக் கரைகளில் ஒதுங்கின.

எக்ஸ்-பிரஸ் பேர்ள் அழிவு தொடர்பாகக் கப்பற் கம்பனி 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தல் வேண்டும் என இலங்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24 இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே செலவைச் சுமத்தல் வேண்டும் என்ற நியதி இத்தீர்ப்பினால் வலுப்பெற்றது. அதனை வரவேற்கவேண்டியது எமது கடமை. ஆனால், இழப்பு ஒருநாளில் நிகழ்ந்து ஒருநாளில் முடிவது என்ற எண்ணத்தை இந்த இரசாயனம் மறுக்கின்றது. மணலினுட் புதைந்த மணி ஆண்டுதோறும் மூப்படைந்து, வெடித்து, துகளாகி, புதுப்பரப்புகளைத் திறந்துகொண்டே இருக்கும். தொழில் தடைப்பட்ட நாள்களுக்குக் கடற்றொழிலாளர் பெறும் பணம் அந்த நீண்ட கணக்கை நேர்செய்யாது. இழப்பின் காலத்தைப் பொருளின் மாற்றமே தீர்மானித்தல் வேண்டும். காப்புறுதிக் கம்பனியின் நாட்காட்டி தீர்மானித்தல் ஆகாது.

பிளாஸ்டிக் மாசினை முடிவுறுத்தும் உலக உடன்படிக்கையொன்றுக்கான பேச்சுவார்த்தை 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் முடிவின்றிக் கலைந்தது. உற்பத்தியின் அளவுக்கே எல்லை வகுத்தல் வேண்டும் என்று பல நாடுகள் கோரின. எண்ணெய் வளமுள்ள நாடுகள் பல, கழிவைக் கையாள்வதோடு நிறுத்திக்கொள்வோம் என்றன. கழிவென்றும் உற்பத்தியென்றும் இரண்டாகப் பிரித்துப் பேசும் இவ்வாதத்தின் அடியில், கம்பனியின் கையிலிருக்கும்வரை ஒரு பொருள், கடலிற் சேர்ந்தபின் யாருக்குமுரியதல்லாத வேறொரு பொருள் என்ற பழைய கணக்கே கிடக்கின்றது.

பாடசாலையில் இரசாயனத்தை ஒரு மணிநேரமும் வரலாற்றை மற்றொரு மணிநேரமுமாகப் பிரித்துக் கற்பித்து வருகிறோம். ஒட்சியேற்றத்தைக் கற்ற மாணவன் அதனை யார் தடுத்தனர், யாருக்காகத் தடுத்தனர் என்று கேட்பதில்லை. ஏகாதிபத்தியத்தின் வரலாற்றைக் கற்ற மாணவன் அதன் கம்பியுறை ஏன் நொறுங்கிற்று என்று கேட்பதில்லை. கரையிற் பொறுக்கிய ஒரு மஞ்சள் மணியை மேசைமேல் வைத்து இவ்விரு வினாக்களையும் ஒரே பாடத்தில் எழுப்ப ஆசிரியருக்கு இயலும். அம்மணி மஞ்சளானதற்குரிய காரணத்தைச் சொல்லத் தொடங்கினால், அதனை ஆக்கியவன், ஏற்றியவன், விதி வகுத்தவன், வலையிலே அதனை இழுத்தவன் ஆகிய எல்லோரையும் பற்றிச் சொல்லவேண்டி வரும்.